சுவரைப் பார்த்து நின்ற தொப்பிக்காரி

வளைகாப்பு முடிந்த மாலையில் மகளை மாமியார் வீட்டிலேயே விட்டுவிட்டுத் தனியாகப் பேருந்து ஏறியவள் என்ற பெயர் மாரிசெல்விக்குக் காரியாபட்டியில் நிலைத்துவிட்டது. முறை அதுவன்று. வளையல் அடுக்கி, ஏழு வகைச் சோறு போட்டு, ஆரத்தி சுற்றிய கையோடு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வதுதான் முறை. ஓவியாவின் துணிப்பையைக் கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. பேருந்தில் குமட்டினால் முகர்ந்துகொள்ள ஓர் எலுமிச்சம்பழமும் அந்தப் பையின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில்தான் மாரிசெல்வி சம்பந்தியம்மாள் வெள்ளைத்தாயிடம் மெல்லச் சொன்னாள்.

"நாள் அம்புட்டுச் சரியில்ல மதினி. அடுத்த மாசம் நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

வெள்ளைத்தாய் வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தாள். "நாட்டுக்கே காலண்டரு ஒங்க சிவகாசியிலதான அடிக்காக. அதுல இன்னைக்கு நல்ல நாளுன்னு கொட்டை எழுத்துல போட்டுருக்கு. ஒங்களுக்கு மட்டும் தனியா அடிச்சுக் குடுத்துருக்காகளோ?"

பந்தியில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். ஓவியா சிரிக்கவில்லை. புதுக் கண்ணாடி வளையல்களை முழங்கை வரை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தவள், தாய் செருப்பை மாட்டும்போது பின்னால் வந்து நின்றாள்.

"லீவு தர மாட்டேங்காகளாம்மா?"

"கேக்கணும்த்தா. கேட்டுட்டுச் சொல்றேன்."

பேருந்து அருப்புக்கோட்டையைக் கடக்கும்வரை அந்தப் பதில் மாரிசெல்வியை உறுத்திக்கொண்டே வந்தது. அது பொய். கேட்டால் முதலாளி வீட்டில் விடுப்பு கிடைத்துவிடும். கிடைத்துவிடும் என்பதுதான் அவளுடைய பயம்.

மாரிசெல்வி வேலை பார்த்த வீடு சிவகாசியில், புறவழிச் சாலையை ஒட்டி இருந்தது. வீட்டுக்காரர் காசிராஜன் பட்டாசுக் கம்பெனியும் அச்சகமும் நடத்துகிறவர். அவர் மனைவி சொர்ணலட்சுமி; மாரிசெல்விக்கு 'அக்கா'. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். வெம்பக்கோட்டைக்கு அருகிலிருந்த தன் ஊரிலிருந்து மாரிசெல்வி காலைப் பேருந்தில் வந்து மாலைப் பேருந்தில் திரும்புவாள். சமையலுக்கு வேறு ஆள் உண்டு. துடைப்பது, துவைப்பது, அடுக்குவது ஆகியவை அவள் பொறுப்பு.

அந்த வீட்டுக் கூடத்தில், சுவரோடு சேர்த்துச் செய்த ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதன் நடுத்தட்டில் தனியாக நின்றது ஒரு பூச்சாடி. அச்சு இயந்திரக் கண்காட்சிக்காக காசிராஜன் பிரான்சுக்குப் போயிருந்தபோது, பழம்பொருள் சந்தை ஒன்றில் அதைக் கண்டு, மடியில் வைத்தபடியே விமானத்தில் கொண்டுவந்தார். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட மண் சாடி. முழங்கை உயரம், இரண்டு பக்கமும் காதுபோல வளைந்த பிடிகள், பாலாடை நிறத்தில் மெருகு. கழுத்தில் நீலமும் மஞ்சளுமாக வளையங்கள். முன்பக்கம் ஒரு காலைத் தூக்கி நிற்கும் சேவல். பின்பக்கம், நெட்டையான வெள்ளைத் தொப்பியும் கையில் கூடையுமாக ஒரு நாட்டுப்புறப் பெண். அடியில் நீல மையில், செய்தவரின் குறியாக, இரண்டு எழுத்துகள். அந்த எழுத்துகளைப் பெருக்கிக் காட்டும் படத்தைத்தான் காசிராஜன் முதன்முதலில் கைப்பேசிக் குழுவில் போட்டார். அப்படிப்பட்ட சாடிகளைச் சேகரிக்கிறவர்களின் குழு அது, புதுச்சேரிக்காரர்கள் மிகுதி. சீசன் முடிந்து பட்டாசு வேலை ஓய்ந்த நாட்களில் அவருக்கு அந்தக் குழுவே உலகம்.

சாடியைத் தொட உரிமையுள்ள கை மாரிசெல்வியுடையது மட்டும். "எனக்குக் கை நடுங்குது. ஒங்கக்காவுக்குப் பொறுமை கெடையாது. செல்விதான் தொடணும்" என்று காசிராஜன் விதித்திருந்தார். அலமாரிச் சாவி அவளுடைய முந்தானை முடிச்சில் இருந்தது. காலையில் வந்ததும் அலமாரியைத் திறந்து, மெல்லிய துணியால் சாடியைத் துடைத்து, சேவல் கூடத்தைப் பார்க்க, தொப்பிக்காரி சுவரைப் பார்க்க வைத்து, பூட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

மாரிசெல்வியின் கணவன் முனியராஜை இழுத்து, வந்து போகும் விருந்தினரிடம் சொர்ணலட்சுமி சொல்வாள்: "செல்விக்கு முனியராஜ் ரெண்டாம் புருசன்தான். மொதப் புருசன் இந்தச் சாடி."

எல்லாரும் சிரிப்பார்கள். மாரிசெல்வியும் சிரிப்பாள். தொப்பிக்காரியின் இடுப்பிலிருந்து கூடை வரை கோணலாக ஓடும் உடைப்பு அவளுக்கு மட்டுமே தெரியும்.

அவளுடைய கைகளின் வரலாற்றைச் சொல்லாமல் அந்த உடைப்பைச் சொல்ல இயலாது. மானாவாரிப் பருத்தியும் சோளமும் நம்பி வாழ்ந்த கூலிக் குடும்பம் அவர்களுடையது. மழை பொய்த்த ஆண்டுகளில் வீட்டுக்குள் பழுப்புக் காகிதம் வந்து இறங்கியது. எட்டு வயதிலிருந்தே அவள் வெடிக்கான காகிதக் குழாய் உருட்டினாள். மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து, அந்த நீலம்பாய்ந்த பசையைத் தடவி, இரும்புக் கம்பியின்மேல் காகிதத்தைச் சுற்றி உருவி எடுப்பார்கள். காய்ந்த குழாயைக் கல்லில் அடித்தாலும் நசுங்காது. அவள் உருட்டிய குழாய்களில் கழிவே வராது என்று கம்பெனி ஆட்கள் சொல்வதுண்டு.

திருமணத்துக்குப் பிறகு பட்டாசுத் தொழிற்சாலைக்கே போனாள். அங்கே முதல் நாள் போர்மேன் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று.

"எங்கிட்டாச்சும் சத்தம் கேட்டா, கையில என்ன இருக்குன்னு பாக்கக் கூடாது. விட்டுட்டு ஓடணும். விட்டவ பொழைப்பா. பிடிச்சவ சாவா."

எதிர் அறை ஒரு நாள் எரிந்தபோது அவள் கையிலிருந்த தட்டை விட்டுவிட்டு ஓடினாள்; பிழைத்தாள். பக்கத்தில் இருந்த அவள் நாத்தனார் தட்டை இறக்கி வைக்கப் பார்த்தாள். அதன்பின் மாரிசெல்வி தொழிற்சாலை வாசலை மிதிக்கவில்லை. ஆனால் கற்ற பாடம் கைகளை விட்டுப் போகவில்லை. கதவு காற்றில் அறைந்தாலும், பக்கத்து வீட்டில் குக்கர் மூடி விழுந்தாலும் அவளுடைய விரல்கள் தாமே விரிந்துவிடும். முதலாளி வீட்டில் பீங்கான் தட்டுகள் இரண்டு அப்படிப் போயின. சொர்ணலட்சுமி ஒன்றும் சொல்லவில்லை. அதிலிருந்து எவர்சில்வர் தட்டாகக் கொடுத்தாள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதக் காலையில் அவள் சாடியைக் கையில் ஏந்தி, தொப்பிக்காரியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. வெம்பக்கோட்டைப் பக்கம் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வெடித்திருந்தது. சத்தம் காதுக்கு வருவதற்குள் கைகள் விரிந்துவிட்டன.

கீழே கம்பளம் விரித்திருந்ததால் சாடி நொறுங்கவில்லை. பின்பக்கத்திலிருந்து உள்ளங்கை அளவில் ஒரு துண்டு பெயர்ந்து இரண்டாக உடைந்து கிடந்தது. அவள் சாடியைத் தட்டில் வைத்து, துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, அலமாரியைப் பூட்டிவிட்டு வெளியே ஓடினாள். முனியராஜ் அந்தப் பக்கம்தான் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரியும்வரை முந்தானையில் என்ன இருக்கிறது என்பதே அவளுக்கு நினைவில்லை. தெரிந்த பிறகு, அவள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் அழுகுரல் கேட்டது. அன்று காசிராஜன் அடிபட்டவர்களுக்காக மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்தார். சொர்ணலட்சுமி இறந்தவர்களின் வீடுகளுக்குச் சோறு வடித்து அனுப்பினாள். அந்த நாளில், 'அக்கா, சாடி உடைஞ்சு போச்சு' என்று எந்த வாயால் சொல்வது? மறுநாள் சொல்லலாம் என்று எண்ணினாள். மறுநாள் சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். மூன்றாம் நாள் அவள் கேள்வியை எண்ணவில்லை, துண்டுகளைப் பார்த்தாள்.

பளபளப்புக்கு உள்ளே அது வெறும் மண். உடைந்த விளிம்பு ஓடு நிறத்தில் சொரசொரப்பாக இருந்தது. வெடிக்குழாயின் வாயை அடைக்கிற மண் காய்ந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பீங்கானாக இருந்திருந்தால் கடையில் விற்கும் ஒட்டுப் பசையைத் தேடிப் போயிருப்பாள். மண்ணைக் கண்டதும் அவளுடைய கை தனக்குத் தெரிந்ததைத்தான் தேடிற்று. வீட்டில் பசை காய்ச்சி, துத்தம் கலந்து, ஒரு சிறு டப்பியில் கொண்டுவந்தாள். முதலாளியும் அக்காவும் துக்க வீடுகளுக்குப் போயிருந்த நண்பகலில், துண்டுகளைப் பொருத்தி ஒட்டினாள். சாடியின் வாய் வழியே கையை விட்டு, உட்புறத்தில் பழுப்புக் காகிதப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகப் பதித்தாள். வெடிக்குழாய் உருட்டிய கை. ஒரு சுருக்கம் விழவில்லை. தொப்பிக்காரியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைத்தாள்.

அன்று மாலை அது அவளுக்கு விடுதலையாகத்தான் தோன்றியது.

துத்தம் நீரில் கரையும் என்பதும், மண் நீரைக் குடிக்கும் என்பதும் அவள் அறியாததன்று. இரண்டையும் சேர்த்து எண்ணவில்லை. அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்தபோது, உடைப்பின் வழியே மயிலிறகு நிறத்தில் ஒரு கோடு கசிந்து எழுந்தது. துடைத்தால் போயிற்று. மறுநாள் மீண்டும் வந்தது. மழை நின்ற பிறகே நின்றது. அதிலிருந்து ஒவ்வோர் ஐப்பசியும் கார்த்திகையும் அந்தக் கோட்டைத் துடைப்பதில் கழிந்தன. ஈரத்துணி பட்டால் பசை இளகும். சற்று அழுத்தினால் துண்டு உள்ளே போகும். சாடியைத் தூக்கும்போது வலக்கையின் விரல்கள் எங்கே தாங்க வேண்டும், எங்கே படவே கூடாது என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த வித்தையாயிற்று.

ஆகவே அவளால் ஒரு நாளைக்கு மேல் விடுப்பு எடுக்க முடியவில்லை. ஒரு நாள் துடைக்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். அடுத்த நாளும் வராவிட்டால் சொர்ணலட்சுமி வேறொருத்தியைக் கூப்பிட்டுவிடுவாள். ஒரு தடவை காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தவள், தோட்டக்காரர் மனைவியை அக்கா வரச்சொல்லியிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு, போர்வையோடு பேருந்து ஏறினாள். "இம்புட்டு விசுவாசம் ஆகாது செல்வி" என்று சொர்ணலட்சுமி அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தாள். ஆடி வெள்ளிக்கு ஊரே இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போனபோது அவள் வீட்டிலிருந்து முனியராஜும் ஓவியாவும் மட்டும் போனார்கள். அவளுடைய சொந்தத் தம்பி கல்யாணத்தில் தாலி கட்டும் வரை மட்டுமே இருந்தாள்.

"அந்த வீட்டுல என்னதான்டி புதைச்சு வச்சிருக்க?" என்று முனியராஜ் கேட்பான். அவனிடமும் அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் நேரே போய் முதலாளி காலில் விழுந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

போன ஆண்டு காசிராஜனின் குழுவில் யாரோ சாடியின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னார்கள். அவர் கைப்பேசியோடு கூடத்துக்கு வந்தார்.

"செல்வி, அந்தப் பொம்பள படத்த ஒரு தடவ காட்டு. போட்டோ பிடிக்கணும்."

வெயிற்காலம், நீலக் கோடு இல்லை. ஆனாலும் உடைப்பு வெளிச்சத்தில் தெரியும். அவள் சாடியை மார்போடு அணைத்து, தொப்பிக்காரியின் முகம் மட்டும் தெரிய, இடுப்பின் குறுக்கே தன் உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள்.

"கைய எடும்மா."

"எடுத்தா விழுந்துரும் அண்ணாச்சி."

அவர் அப்படியே படம் பிடித்தார். குழுவில் அந்தக் கையைப் பற்றித்தான் பேச்சாக இருந்தது. கறுத்த, நகம் தேய்ந்த அந்த விரல்கள் சாடியைப் பிடித்திருந்த பக்குவத்தைப் புதுச்சேரிக்காரர் ஒருவர் புகழ்ந்து எழுதியிருந்தார். காசிராஜன் அதை மாரிசெல்விக்குப் படித்துக் காட்டினார். அவள் அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள்.

வளைகாப்புக்குப் பிறகு இரண்டு வாரம் அவள் வாயைத் திறக்கவில்லை. தீபாவளி வந்து போயிற்று. மழை தொடங்கியிருந்தது. அப்போது வெள்ளைத்தாயே முதலாளி வீட்டுக்குத் தொலைபேசியில் பேசிவிட்டாள். என்ன பேசினாள் என்பது, சொர்ணலட்சுமி கூடத்து நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றபோது விளங்கிற்று.

"ஏ செல்வி, எங்க வீட்டுல லீவு தரலன்னு சொன்னியாமே. ஒம் மக ஒன்பதாம் மாசத்துல மாமியா வீட்டுல உக்காந்து அழுகுதாம். நான் அம்புட்டுப் பெரிய ராட்சசியா?"

"அப்படிச் சொல்லலக்கா."

"அப்ப எப்படிச் சொன்ன? அந்தம்மா கேக்கா, ஒங்க வீட்டுல பொம்பளைகளே கெடையாதான்னு. எனக்கு எங்க மூஞ்சிய வைக்கன்னு தெரியல. நாளையிலேர்ந்து நீ வரக்கூடாது. மூணு மாசம். சம்பளம் வந்துக்கிட்டுதான் இருக்கும். சண்முகத்தாய வரச் சொல்லியிருக்கேன். அவளுக்கு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துட்டுக் கெளம்பு."

அத்தனை காலமும் அவள் பயந்தது இந்த அன்புக்குத்தான்.

சண்முகத்தாய் பதினோரு மணிக்கு வந்தாள். சாத்தூர்ப் பக்கத்துக்காரி. தீப்பெட்டிக் கம்பெனியில் பெட்டிக்குள் குச்சி அடைக்கும் வேலை பார்த்தவள். கம்பெனி மூடிவிட்டதால் இரண்டு பெண் பிள்ளைகளோடு வீட்டுவேலை தேடிக்கொண்டிருந்தாள். நல்ல வேகக்காரி. மாரிசெல்வி துணி மடிக்கும் முறையைக் காட்டி முடிப்பதற்குள் அவள் அடுத்த துணியை மடித்துவிட்டிருந்தாள். வாளியில் சவுக்காரத் தூளைக் கலக்கிக் கொண்டுவந்து, கண்ணில் பட்டதையெல்லாம் முக்கி எடுத்தாள்.

"தொடைக்கதெல்லாம் சும்மா மதினி. அழுக்கு தண்ணிக்குத்தான் பயப்படும்" என்றாள்.

மாடியைக் காட்டியாயிற்று. பூசை அறை, அடுப்படி, துவைக்கும் இடம் எல்லாம் காட்டியாயிற்று. கூடத்தை மட்டும் மாரிசெல்வி கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனாள். நண்பகலில் காசிராஜன் சாப்பிட வந்தார். வெளியே மழை கனத்துப் பெய்தது.

"அலமாரிய காட்டிட்டியா?" என்று கேட்டாள் சொர்ணலட்சுமி.

"அத மட்டும் நான் வந்து தொடைச்சுக்கிறேன்க்கா. வாரத்துல ஒரு நாள் வாறேன்."

"பிள்ளை பெத்தவளைப் போட்டுட்டு ஒரு சாடியத் தொடைக்க வெம்பக்கோட்டையிலேர்ந்து வருவியோ? ஒனக்குக் கிறுக்கா? சாவிய அவகிட்ட குடு."

சண்முகத்தாய் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அலமாரியின் முன்னால் வந்து நின்றாள். "அழகாயிருக்கே சேவலு. அடியில கொஞ்சம் அழுக்குப் பிடிச்சிருக்கு. ஒரு முக்கு முக்கி எடுத்தா பளிச்சுன்னு ஆயிரும்."

மாரிசெல்விக்கு அந்தக் காட்சி கண்முன் ஓடிற்று. வாளித் தண்ணீருக்குள் சாடி. பசை இளகுகிறது. காகிதம் ஊறிப் பிரிகிறது. தொப்பிக்காரியின் இடுப்பு கழன்று சண்முகத்தாயின் கையில் வருகிறது. வேலைக்கு வந்த முதல் வாரம். 'நான் ஒண்ணும் பண்ணலக்கா' என்று அவள் சொல்வாள். யார் நம்புவார்கள்? ஆறு வருடம் ஒரு கீறல் விழாமல் வைத்திருந்த செல்வி எங்கே, வந்ததும் உடைத்த இவள் எங்கே என்பார்கள். மாரிசெல்வியின் நற்பெயர் அந்தப் பெண்ணின் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். சாவியைக் கொடுக்கவில்லை. தானே அலமாரியைத் திறந்தாள். இரண்டு கைகளாலும் சாடியைப் பிடித்து, தட்டிலிருந்து தூக்காமல், மெல்லத் திருப்பினாள். சேவல் சுவர்ப்பக்கம் போயிற்று. தொப்பிக்காரி கூடத்தைப் பார்த்து நின்றாள். மழைக்காலம் ஆகையால், அவளுடைய இடுப்பிலிருந்து கூடை வரை நீலக் கோடு நரம்புபோல எழுந்திருந்தது.

சண்முகத்தாய்தான் முதலில் வாய் திறந்தாள். "இது படமா, ஒடைசலா?"

காசிராஜன் தட்டைவிட்டு எழுந்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். கோட்டின் மேல் விரலை வைத்து, விரல் நுனியில் ஒட்டிய நீலத்தைப் பார்த்தார். அந்த நீலத்தை முகர்ந்து பார்க்க வேண்டிய தேவை பட்டாசு முதலாளிக்கு இல்லை. சாடியின் வாய்க்குள் கைப்பேசி விளக்கை அடித்து, உள்ளே வரிசை வரிசையாகப் பதிந்திருந்த பழுப்புக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பம்?"

"வெம்பக்கோட்டைப் பக்கம் வெடிச்சுச்சே அண்ணாச்சி. அன்னைக்கு."

"அன்னைக்கா?"

"கையில வச்சிருந்தேன். சத்தம் கேட்டுச்சு. கை விட்டுருச்சு."

அவர் கைப்பேசியில் பழைய படங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனார். ஒரு படத்தில் நின்றார். விரலால் அகட்டிப் பெரிதாக்கினார். தொப்பிக்காரியின் இடுப்பின் குறுக்கே விரிந்திருந்த கை திரை முழுவதும் நிறைந்தது. எல்லாரும் புகழ்ந்த கை.

"அடிப்பாவி" என்றாள் சொர்ணலட்சுமி. கோபமாகச் சொல்லவில்லை. "இதுக்காகவா காய்ச்சலோட வந்த? இதுக்காகவா வளைகாப்புல மகள விட்டுட்டு ஓடிவந்த?"

மாரிசெல்வி தலையை அசைத்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. இனி அவர் வெளியே போ என்று சொல்வார். போய்விடலாம். காரியாபட்டிக்கு மூன்று மணிப் பேருந்து இருக்கிறது. அந்த எண்ணம் தனக்கு எவ்வளவு இனிப்பாக இருக்கிறது என்று கண்டு அவளே திகைத்தாள்.

காசிராஜன் நாற்காலியை இழுத்துப்போட்டு அலமாரியின் முன்னால் உட்கார்ந்தார்.

"மைதாப் பசை. துத்தம் போட்டது. உள்ள எத்தன சுத்து காகிதம் வச்ச?"

"அஞ்சு சுத்து."

"கொழா உருட்டுனவ கை" என்றார். அதற்கு மேல் அவரால் கோபப்பட முடியவில்லை போலிருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு குரலில் சொன்னார். "இது கீறல் இல்லாத சாடின்னு குழுவுல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன் செல்வி. தை மாசம் புதுச்சேரியிலேர்ந்து பாக்க வாறாக."

"அவுககிட்ட சொல்லிருங்க அண்ணாச்சி. நாந்தான் ஒடைச்சேன்னு சொல்லிருங்க."

"என்னன்னு சொல்ல? போட்டோவ நாந்தான பிடிச்சேன். நானும் சேந்து மறைச்சேன்னுதான் நெனைப்பாக."

அவர் எழுந்தார். சாடியின் கழுத்தைத் தொட்டவர், தூக்கப் பயந்து கையை எடுத்துக்கொண்டார். "நீயே திருப்பி வையி" என்றார். அவள் திருப்பிவைத்தாள். சேவல் மீண்டும் கூடத்தைப் பார்த்தது. காசிராஜன் அலமாரியைப் பூட்டினார். சாவியைக் கையில் எடைபார்ப்பவர்போல வைத்திருந்துவிட்டு, சண்முகத்தாயைப் பார்க்காமல், மாரிசெல்வியிடம் நீட்டினார்.

"வச்சுக்க. நீ வர்ற வரைக்கும் யாரும் தொறக்க வேண்டாம். எங்கன பிடிக்கணும்னு ஒனக்குத்தான் தெரியும். பிள்ள பொறந்து, நீ நிம்மதியா இருந்துட்டு, தைக்கு முன்னால வந்துரு. ஒனக்கு இந்த வீட்டுல எப்பவும் வேலை உண்டு."

"அவ பொழைச்சா" என்று சொர்ணலட்சுமி சண்முகத்தாயைக் காட்டிச் சிரித்தாள். அவளும் நிம்மதியாகச் சிரித்தாள். மன்னித்துவிட்டார்கள். மாரிசெல்வி சாவியை வாங்கி முந்தானையில் முடிந்தாள். முடிச்சு பழைய இடத்திலேயே, துணி தேய்ந்து நூல் தெரியும் அதே இடத்தில் விழுந்தது.

மறுநாள் காரியாபட்டிக்குப் போய் மகளை அழைத்துவந்தாள். வெள்ளைத்தாய் வாசல் வரை வந்து, "கடைசியில காலண்டரு மாத்தி அடிச்சுட்டாகளாக்கும்" என்று சொல்லி, பேருந்து நிறுத்தம்வரை பையைத் தானே சுமந்தாள். பேருந்தில் ஓவியா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு தாயின் தோளில் சாய்ந்தாள். கன்னத்தில் ஏதோ குத்தவே முந்தானையைத் தடவிப் பார்த்தாள்.

"என்னம்மா இது, சாவியா? லீவுதான போட்டுட்ட?"

"லீவுதான்."

"அப்புறம் இது எதுக்கு?"

"அங்கன எனக்கு வேலை போகலன்னு அர்த்தம்" என்றாள் மாரிசெல்வி. ஓவியாவுக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

கார்த்திகை முழுவதும் மழை விட்டு விட்டுப் பெய்தது. வெம்பக்கோட்டை அணை நிறைந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். மாரிசெல்வி சாவியைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாள். மகளுக்குக் கால் அமுக்கும்போதும், சுக்குத் தட்டும்போதும், கதவு காற்றில் ஆடினால் அது ஆணியில் உரசிச் சத்தமிடும். அப்போதெல்லாம் பூட்டிய கண்ணாடிக்குள், துடைக்க ஆளில்லாமல், அந்த நீலம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கும் என்று மனம் கணக்குப் போடும். இடுப்பைத் தாண்டியிருக்கும். பிடியைத் தொட்டிருக்கும். பசை இளகி, ஒரு நாள் யாரும் தொடாமலே அந்தத் துண்டு உள்ளே சரியும். சரிந்தால் அந்தச் சத்தம் கூடத்தில் யாருக்கும் கேட்காது. தைக்கு முன்னால் போய்த் திறக்கும்போதுதான் தெரியும். திறக்கப்போவதும் அவள்தான்.

ஒரு நண்பகல். மின்சாரம் இல்லை. முனியராஜ் லோடு ஏற்றப் போயிருந்தான். ஓவியாவுக்குக் கொடுப்பதற்காக மாரிசெல்வி வெந்நீர்ச் செம்பை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வந்தாள். அணைப் பக்கமிருந்து ஒரு முழக்கம் எழுந்தது. இடியா, வெடியா என்று பிரித்தறிய முடியாத கனத்த முழக்கம். கூரைத் தகரம் அதிர்ந்தது. ஆணியில் சாவி துள்ளியது.

அவளுடைய விரல்கள் விரியத் தொடங்கின.

"அம்மா" என்றாள் ஓவியா. பாயில் உட்கார்ந்தபடி அடிவயிற்றைப் பிடித்திருந்தாள். சேலை நனைந்திருந்தது. "தண்ணிக்கொடம் ஒடைஞ்சிருச்சும்மா."

மாரிசெல்வி செம்பைத் தரையில் வைத்தாள். விடவில்லை, வைத்தாள். அது சாயாமல் நின்றதைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை. மகளின் கைகளை எடுத்துத் தன் தோளில் போட்டு, அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினாள். ஓவியாவின் எடை முழுவதும் அவள்மேல் சாய்ந்தது. இன்னொரு முழக்கம் எழுந்தது. கண்ணாடி வளையல்கள் அவள் முதுகில் அழுந்தி நொறுங்குவதை உணர்ந்தாள், பிடியைத் தளர்த்தவில்லை.

"நடந்துருவியாத்தா?"

"பிடிச்சுக்கோம்மா."

"பிடிச்சுத்தான் இருக்கேன். நட."

ஆட்டோவுக்குக் குரல்கொடுத்துக்கொண்டே வாசலைக் கடந்தார்கள். கதவு அவர்களுக்குப் பின்னால் ஆடிற்று. அதைச் சாத்த அவள் திரும்பவில்லை.